வண்டியா, ஓட்டுகிறவரா? சோழவரம் முதல் இண்டியானாபொலிஸ் வரை ஒரு பார்வை



கொடைரோடு ரயில் நிலையம் பற்றிய சென்ற பதிவுக்கு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில் ஒரு பழைய மாணவர் சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி போட்டிருந்தார். "சார், கார் பந்தயத்தில் ஜெயிப்பது வண்டியா, ஆளா? எல்லாம் இன்ஜினியர் வேலை, உள்ளே யார் உட்கார்ந்தாலும் ஓடும் என்கிறான் என் மகன்" என்று. கீழே நாற்பது பேர் சண்டை போட்டிருந்தீர்கள். ஓரிருவர் நரேன் கார்த்திகேயனைக்கூட "கடைசியில் வந்தவர்தானே" என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உறுத்தியது. ஒரு மனிதரின் உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் கொஞ்சம் அறிவியலும் கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அறிவியல். எட்டாம் வகுப்பு உராய்வுப் பாடம் நினைவிருக்கும். தரைக்கும் டயருக்கும் இடையே உள்ள உராய்வுதான் வண்டியை வளைவில் பிடித்து வைக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது, டம்டம் பாறைக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பினால் நாம் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வோம் அல்லவா? பஸ்ஸும் அப்படி வெளியே ஓடத்தான் பார்க்கும். டயரின் பிடிமானம்தான் விடாமல் வைத்திருக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரே வளைவில் வேகம் இரண்டு மடங்கானால், வண்டியைத் திருப்பத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகும். ஆனால் சாதாரண வண்டியில் டயரின் பிடிமானம் கூடாது. 30 கிலோமீட்டர் வேகத்தில் இருந்த அதே பிடிமானம்தான் 60-லும். தேவை நான்கு மடங்கு, இருப்பு அதே அளவு. ஒரு கட்டத்தில் இருப்பைத் தேவை மிஞ்சும். அந்த இடத்தில்தான் வண்டி பள்ளத்துக்குப் போகிறது.

பிடிமானத்தைக் கூட்ட என்ன வழி? தரையில் அழுத்தும் எடையைக் கூட்டலாம். மூட்டை ஏற்றினால் அழுத்தம் கூடும். ஆனால் வண்டி கனத்துப்போவதால் அதைத் திருப்பவும் கூடுதல் விசை வேண்டும். லாபமும் நஷ்டமும் சரியாகப் போய்விடும். எடை கூடாமல் அழுத்தம் மட்டும் கூட வேண்டும். அதற்குக் கிடைத்த வழிதான் காற்று.

விமானத்தின் இறக்கை காற்றைக் கீழே தள்ளுவதால் விமானம் மேலே எழும்புகிறது. அதே இறக்கையைத் தலைகீழாகக் காரில் பொருத்தினால் காற்று மேலே தள்ளப்படும், கார் தரையோடு அழுத்தப்படும். இதைத்தான் டவுன்ஃபோர்ஸ் என்கிறார்கள். நாம் கீழ்விசை என்று வைத்துக்கொள்வோம். வேகம் இரண்டு மடங்கானால் கீழ்விசையும் நான்கு மடங்காகும். தேவை நான்கு மடங்கு கூடும்போது இருப்பும் அதற்கு ஈடாகக் கூடிக்கொண்டே போகிறது. ஃபார்முலா 1 வண்டி 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிப் போகும்போது காற்று அதைத் தன் எடையைவிட அதிகமான விசையோடு தரையில் அழுத்துகிறது.

இனி வரலாறு.

1966-இல் அமெரிக்காவில் ஜிம் ஹால் என்பவர் தம் சாப்பரல் காரின் பின்புறத்தில் உயரமான கம்பிகளின்மேல் ஓர் இறக்கையைப் பொருத்தினார். 1968-இல் ஃபார்முலா 1 வண்டிகளுக்கும் இறக்கை வந்தது. போட்டி போட்டுக்கொண்டு உயரமாக்கினார்கள். 1969-இல் ஸ்பெயினில் பார்சிலோனா நகரின் மான்ட்ஜூயிக் தடத்தில், லோட்டஸ் அணியின் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரின் இறக்கைகளும் ஒரே பந்தயத்தில் முறிந்தன. இருவரும் பெரிய விபத்தில் சிக்கி உயிர் தப்பினார்கள். அடுத்த பந்தயத்திலேயே உயர்ந்த இறக்கைகளுக்குத் தடை வந்தது. இருந்த பிடிமானம் திடீரென்று இல்லாமல் போனால் எவ்வளவு திறமைசாலியாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதை உலகம் அன்றைக்குப் பார்த்தது.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் அடுத்த படி போனார். காரின் அடிப்பகுதியையே இறக்கை மாதிரி வடிவமைத்தார். வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல காருக்கும் தரைக்கும் இடையே உள்ள குறுகலான வழியில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், கார் தரையோடு உறிஞ்சப்படும். 1978-இல் மரியோ ஆண்ட்ரெட்டி இந்த முறையில் செய்த காரில்தான் உலகச் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு பிராபம் அணி பின்னால் ஒரு பெரிய மின்விசிறி வைத்து, அடியிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியே தள்ளியது. நிக்கி லௌடா ஸ்வீடனில் அந்த வண்டியில் சுலபமாக ஜெயித்தார். அந்த ஒரு பந்தயத்தோடு அது ஓரங்கட்டப்பட்டது. 1983-இல் காரின் அடிப்பகுதி தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2022-இல் வேறு விதிகளோடு அந்த அடித்தள முறை திரும்பி வந்தது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் விமான ஓடுதளம் ஒன்று போட்டார்கள். போர் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. இந்து சந்தோக் அதன் நிறுவனர்களில் ஒருவர். சோழவரம் ஓடுதளம் பந்தயத் தடமானது. ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகச் சனங்கள் போய்ப் பார்த்தார்கள். அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு என்று ரோட்டில் ஓடிய வண்டிகளையே பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினை மாற்றி ஓட்டினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். உதிரிபாகம் வேண்டுமென்றால் பட்டறையில் கடைந்துதான் எடுக்க வேண்டும். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பதெல்லாம் கனவிலும் கிடையாது. அங்கே ஜெயித்தவர்கள் டயரையும் கைகளையும் மட்டுமே நம்பியவர்கள்.

அந்தத் தலைமுறையில் வந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். ஆலைத்தொழில் குடும்பத்துப் பிள்ளை. தாமும் ஓட்டினார், வண்டியும் வடிவமைத்தார். "பணக்காரன் வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டுகிறான், மற்றவன் வேடிக்கை பார்க்கிறான்" என்றிருந்த நிலையை மாற்றியதுதான் அவருடைய பெரிய சாதனை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி இன்ஜின். யார் கை தேர்ந்த கை என்பது உடனே தெரிந்துவிடும். 1995-இல் சிறிய விமான விபத்து ஒன்றில் அவர் காலமானார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று வைத்திருக்கிறார்கள்.

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர். நம் பள்ளியில் படித்த சிலர் அந்தப் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் இப்போது வேலை பார்க்கிறீர்கள். அந்த வழியாகத்தான் தினமும் போகிறீர்கள். நம் நாட்டின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் தம் முதல் பந்தயத்தை அங்கேதான் ஓட்டினார்.

நரேன் கார்த்திகேயன் 1977-இல் பிறந்தவர், கோயம்புத்தூர்க்காரர். அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தாலே மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஏனென்றால் கீழ்விசையே இல்லாத வண்டி முதல் உச்சக் கீழ்விசை உள்ள வண்டி வரை எல்லாவற்றையும் ஓட்டியவர் அவர்.

அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி வீரர். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். ராலி என்பது தடத்தில் சுற்றிச் சுற்றி வருவதல்ல. மண் ரோடு, சரளை, காட்டுப்பாதை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பார்த்து அடுத்த வளைவைச் சொல்லிக்கொண்டே வருவார். மண்பாதையில் டயர் எப்போதும் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். வழுக்கலை நிறுத்துவதில் பயனில்லை, அதை வைத்துக்கொண்டே வண்டியைத் திருப்பத் தெரிய வேண்டும். வேகம் குறைவான குறுகிய வளைவுகளில் இறக்கையால் பெரிய உதவி கிடையாது. முன்பின் பார்த்திராத தரையைப் பார்த்த நொடியில் படிக்கும் கண்தான் அங்கே மூலதனம். நம் பக்கத்து ரேக்ளாக்காரர்களைக் கேளுங்கள், தரை பார்த்து ஓட்டுவது என்றால் என்னவென்று விளக்கமாகச் சொல்வார்கள்.

நரேன் 1993-இல் ஃபார்முலா மாருதி ஓட்டினார். 1994-இல் இங்கிலாந்து போய் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஃபார்முலா ஃபோர்டு வண்டிக்கு இறக்கை கிடையாது. மெல்லிய டயர். வளைவில் நான்கு சக்கரமும் லேசாக நழுவும். அந்த நழுவலை இடுப்பில் உணர்ந்து ஸ்டியரிங்கால் திருத்த வேண்டும். அது நல்ல பள்ளிக்கூடம். தப்புச் செய்தால் வண்டி முதலில் எச்சரிக்கும், பிறகுதான் தண்டிக்கும்.

அடுத்து ஃபார்முலா ஆசியா, ஃபார்முலா 3 என்று மேலே போகப் போக இறக்கை பெரிதாகிறது. இங்கே ஓட்டுநர் பழைய பழக்கத்தையே மாற்ற வேண்டும். சாதாரண வண்டியில் பயமாக இருந்தால் வேகத்தைக் குறைக்கிறோம். கீழ்விசை வண்டியில் வேகமாகப் போனால்தான் பிடிமானம். வேகமான வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் கீழ்விசை குறைந்து, எடை முன்னால் போய், பின்சக்கரம் விட்டுவிடக்கூடும். "இந்த வேகத்தில் பிடிக்கும்" என்று நம்பி உள்ளே நுழைய வேண்டும். விட்டால் எச்சரிக்கை இல்லாமல் திடீரென்று விடும்.

பிரேக் பிடிப்பதிலும் அப்படித்தான். நாம் பிரேக்கை மெதுவாகத் தொடங்கிப் போகப் போக அழுத்துகிறோம். அவர்கள் 300 கிலோமீட்டர் வேகத்தில் முதல் நொடியிலேயே முழுப் பலத்தோடு மிதிப்பார்கள். அப்போது கீழ்விசை உச்சத்தில் இருப்பதால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. வேகம் குறையக் குறையக் கீழ்விசையும் குறையும், அதற்கு ஏற்றபடி காலை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்த வேண்டும். இதையெல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள் செய்ய வேண்டும். கூடவே வளைவுகளில் உடல் எடையைப் போல நான்கைந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும். தலையும் ஹெல்மெட்டும் ஆறேழு கிலோ என்றால், கழுத்து 30 கிலோவுக்கு ஈடாகத் தாங்க வேண்டும், அதுவும் ஒன்றரை மணி நேரம். "உள்ளே யார் உட்கார்ந்தாலும் ஓடும்" என்று சொன்ன தம்பி இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

2005-இல் ஜோர்டன் அணிக்காக நரேன் ஃபார்முலா 1-இல் இறங்கினார். அந்த ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்ததைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அது பழைய நீள்வட்டத் தடம். ஃபார்முலா 1 அதன் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தியது. பதின்மூன்றாவது வளைவு சரிவாகக் கட்டப்பட்ட வளைவு. ரயில் தண்டவாளத்தில் வளைவின் வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி. அங்கே முழு வேகத்தில் போகும்போது கீழ்விசையும் சரிவு தரும் அழுத்தமும் சேர்ந்து டயரின்மேல் இறங்குகின்றன. பயிற்சியின்போதே ரால்ஃப் ஷூமாக்கரின் மிஷெலின் டயர் அந்த வளைவில் போய்விட்டது. வேகத்தைக் குறைக்காமல் அங்கே ஓட்டுவது பாதுகாப்பல்ல என்று மிஷெலின் நிறுவனமே சொல்லிவிட்டது. பந்தயத்தன்று அறிமுகச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார்.

"ஆறு பேரில் நாலாவது" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் நான் சேர மாட்டேன். பிடிமானம் என்பது இலவசமாக வருவதில்லை, ஏதோ ஒரு பாகம் அதற்கு விலை கொடுக்கிறது என்பதுதான் அன்றைய பாடம். அன்றைக்கு விலை கொடுத்தது டயர். பெரிய பெரிய சாம்பியன்களின் திறமையாலும் அதைச் சரிக்கட்ட முடியவில்லை.

பிறகு 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாயில் ஏ1 கிராண்ட் பிரீ பந்தயத்தை இந்திய அணிக்காக நரேன் வென்றார். அந்தத் தொடரில் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி கார். கரிவரதன் கோயம்புத்தூரில் யோசித்த அதே தத்துவம். வண்டி ஒன்றாக இருந்தபோது நம் ஆள் ஜெயித்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2010-இல் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் தொடருக்குப் போனார். முதல் பந்தயம் மார்டின்ஸ்வில். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத குட்டித் தடம். வண்டியோ ஒன்றரை டன் கனம். காற்றின் உதவி குறைவு, பிரேக் சீக்கிரம் சூடேறும், முன்னால் பின்னால் பக்கத்தில் என்று எல்லாப் பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டே போகும். ஃபார்முலா 1-இல் உரசினால் இறக்கை போயிற்று, பந்தயமும் போயிற்று. இங்கே இடித்து வழி கேட்பதே ஒரு கலை. அந்த முதல் பந்தயத்தில் 13-ஆவது இடம். ஆண்டு முடிவில் ரசிகர்கள் வாக்களித்து, அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2011, 2012-இல் எச்ஆர்டி என்ற ஸ்பானிய அணிக்காக மீண்டும் ஃபார்முலா 1. "கடைசியில் வந்தவர்" என்ற பேச்சு இந்தக் காலத்தில் வந்ததுதான். அணிக்குப் பணம் இல்லை. கீழ்விசை என்பது காற்றுச் சுரங்கமும் கணினியும் நூற்றுக்கணக்கான பொறியாளர்களும் சேர்ந்து பணத்தால் வாங்கும் பொருள். இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியாவில், வேகம் போதவில்லை என்று அந்த அணியின் இரண்டு கார்களுமே பந்தயத்தில் சேர்க்கப்படவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். சில நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே கூடத்தில் இன்னொருவரை ஆடவிட்டுப் பார்க்க வேண்டும். 2011 அக்டோபர் 30-ஆம் தேதி கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தது. நரேன் 17-ஆவது. அதே அணி, அதே மாதிரி காரில் 18-ஆவதாக வந்தவர் டேனியல் ரிக்கார்டோ. பிற்காலத்தில் நல்ல கார் கிடைத்து, எட்டு கிராண்ட் பிரீ வென்ற அதே ரிக்கார்டோ. ஒரு பந்தயத்தை வைத்து இவர் அவரைவிடப் பெரியவர் என்று சொல்ல வரவில்லை. இடத்தை மட்டும் பார்த்து ஆளை எடை போடாதீர்கள் என்கிறேன்.

சென்னையின் கருண் சந்தோக்கும் 2010-இல் இதே அணியில்தான் ஃபார்முலா 1-க்கு வந்தார். நான் மேலே சொன்ன இந்து சந்தோக்கின் பேரன். 2012-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார், அவருடைய கார் ஆறாவது வந்தது. நீண்ட நேரப் பந்தயத்தில் வேறு வகைத் திறமை வேண்டும். ஒரே காரை மாற்றி மாற்றி மூன்று பேர் ஓட்டுவார்கள். இரவு, மழை, மெதுவாகப் போகும் வண்டிகள் எல்லாம் உண்டு. டயரையும் எரிபொருளையும் காத்து, அடுத்தவர் கையில் வண்டியைப் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அஜித்குமாரைச் சொன்னால்தான் புரியும். அவர் 2010-இல் ஃபார்முலா 2 ஓட்டியவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. போர்ஷே மாதிரி கூரையுள்ள கார்களில் இறக்கை உண்டு, ஆனால் ஃபார்முலா கார் அளவுக்குக் கீழ்விசை கிடையாது. வண்டியும் கனம். ஆகவே ஓட்டும் முறையும் இரண்டுக்கும் நடுவில்தான்.

2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. நம் நகரச் சாலை என்பதால் ஓரம் முழுக்கச் சுவர். சுவர் தப்பை மன்னிக்காது. மெதுவான வளைவுகளில் இறக்கை கைகொடுக்காது, டயரும் ஓட்டுபவரும்தான்.

ஆக, மாணவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. கீழ்விசை கூடக் கூட வண்டியின் பங்கு கூடுகிறது, அதை மறுக்க முடியாது. கோடி கோடியாகச் செலவழித்த அணி முன்னால் போகும். ஆனால் ஓட்டுபவரின் திறமை குறைந்துபோவதில்லை, வேறு இடத்துக்கு மாறிப்போகிறது. மண்பாதையில் கண்ணிலும், இறக்கையில்லாத வண்டியில் இடுப்பிலும், ஃபார்முலா 1-இல் காலிலும் கழுத்திலும் நெஞ்சுத் துணிவிலும், டிரக்கில் பொறுமையிலும் இருக்கிறது. யார் கெட்டிக்காரர் என்று தெரிய வேண்டுமானால் ஒரே மாதிரி வண்டியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். கரிவரதன் செய்தது அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான்கு வழிச்சாலை வந்த பிறகு நம் கொடைரோடு சுங்கச்சாவடிப் பக்கம் இளைஞர்கள் போகும் வேகத்தைத் தினமும் பார்க்கிறேன். சில கார்களுக்குப் பின்னால் அழகுக்கு ஓர் இறக்கையும் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பந்தயக் காரின் இறக்கை 240 கிலோமீட்டர் வேகத்தில் 800 கிலோ அழுத்துகிறது என்று வையுங்கள். 60 கிலோமீட்டரில், அதாவது கால்பங்கு வேகத்தில், அது அழுத்துவது பதினாறில் ஒரு பங்கு, வெறும் 50 கிலோ. பந்தய இறக்கைக்கே அப்படியென்றால் கடையில் வாங்கி ஒட்டிய இறக்கை மலைப்பாதை வளைவில் என்ன செய்யும்? நம் கார்களில் பல, வேகம் கூடினால் லேசாக மேலெழும்பவே பார்க்கும். பைக்குக்கு அதுவும் இல்லை, இரண்டு உள்ளங்கை அளவு டயர்தான் தரையில் இருக்கிறது. டிவியில் பார்க்கும் வண்டி வேகம் கூடினால் தரையைப் பிடிக்கும். நம் வண்டி வேகம் கூடினால் தரையை விடும். இந்த ஒரு வித்தியாசத்தை உங்கள் வீட்டு வாலிபப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு அகரம் சொல்லிக் கொடுத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

வேகம் ஓட்ட ஆசையிருக்கும் பிள்ளைகள் செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை போன்ற தடத்துக்குப் போய், ஹெல்மெட் போட்டு, முறையாகப் பயிற்சி எடுத்து ஓட்டட்டும். நமக்கும் பெருமைதான்.

சோழவரம் பந்தயத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் நம் உறவுகளில் யாரேனும் இருந்தால் கீழே எழுதுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் போடுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
கொடைரோடு